மூன்று அம்புகள்

ஐரோப்பாவின் நைட்டும் ஜப்பானின் சாமுராயும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார்? பள்ளிக்கூடங்களில் அறிவியல் பேசப் போகிற யாரும் இந்தக் கேள்வியிடமிருந்து தப்ப முடியாது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிகளிலும் இதையேதான் கேட்கிறார்கள். எல்லாம் கைப்பேசி விளையாட்டுகளின் உபயம். பிள்ளைகளுக்கு நான் தரும் பதில் இன்னொரு கேள்விதான்: எந்த ஆண்டு நைட், எந்த ஆண்டு சாமுராய்?

தலை முதல் கால் வரை எஃகுத் தகடு மூடிய நைட் 15ஆம் நூற்றாண்டுக்காரர். இடுப்பில் இரண்டு வாள் செருகித் தனியாக நடந்து வரும் சாமுராய் 17ஆம் நூற்றாண்டுக்காரர். 1615இல் ஓசாகா கோட்டை விழுந்தபின் ஜப்பானில் பெரிய போர்களே ஓய்ந்துவிட்டன. நாம் பார்த்துப் பழகிய சாமுராய் அந்த ஓய்வுக்காலத்து ஆள். பலர் கணக்குப்பிள்ளை வேலைதான் பார்த்தார்கள். இவர்கள் இருவரையும் மோதவிட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. இருவரும் தங்கள் ஊரில் உருவாகிக்கொண்டிருந்த காலத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலம் கி.பி. 940 முதல் 955 வரை. அதே பதினைந்து ஆண்டுக்குள் நம் தொண்டை மண்டலத்திலும் ஒரு பெரும்போர் நடந்தது. எனவே ஒப்பிட வேண்டியவர்கள் இருவரல்ல, மூவர்.

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் குடவோலை நினைவுக்கு வரும். 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறித்த விதிகள் அவை. முப்பது குடும்பு, ஏரி வாரியம், தோட்ட வாரியம், முப்பத்தைந்து வயது, கால்வேலி நிலம் என்று பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். இரண்டாம் கல்வெட்டுக்கு 28 ஆண்டு கழித்து, ஊருக்கு நேர்வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் தக்கோலத்தில் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் செத்துக் கிடந்தான். அடுத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் வடக்கிருந்து வந்த ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பெயர் ஏறியது, கன்னரதேவன் என்று. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்பது அவன் பட்டம். வாரியத் தேர்தலைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

* * *

முதலில் மரணங்கள், ஆண்டு வரிசைப்படி.

940, ஜப்பானின் கிழக்குச் சமவெளி. தைரா நோ மசகாடோ என்ற நிலக்கிழார் கலகம் செய்து தன்னைப் புதிய பேரரசர் என்று அறிவித்துக்கொள்கிறார். அவரை அடக்க வந்தவர்களும் அவரைப் போலவே குதிரையேறி வில் பிடித்தவர்கள். சண்டையின் தொடக்கத்தில் காற்று மசகாடோவுக்குச் சாதகமாக வீசியதென்றும் பிறகு திசை மாறியதென்றும் அக்காலத்துக் கதைநூல் சொல்கிறது. அம்பு பட்டு அவர் இறந்தார்.

949, தக்கோலம். இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணம் பக்கம் இருக்கிறது. தேவாரத்தில் திருவூறல் என்று பாடப்பட்ட தலம். இராசாதித்தன் யானைமேல் இருந்து போரிட்டான். கூரிய அம்புகள் நெஞ்சைப் பிளந்தன என்கின்றன சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடுகள். பிற்காலக் கல்வெட்டுகளில் அவன் ஆனைமேல் துஞ்சிய தேவன். எதிர்த்தரப்பின் கணக்கு வேறு. கிருஷ்ணனின் மைத்துனனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் கொன்றான் என்கிறது கர்நாடகத்து ஆதகூர் நடுகல். நான் செப்பேட்டின் பக்கம் சாய்கிறேன். தோற்றவர்கள் தங்கள் இளவரசனின் சாவை எழுதும்போது வீரம் கூட்டலாம். ஆயுதத்தை மாற்ற அவர்களுக்கு என்ன அவசியம்?

955 ஆகஸ்ட் 10, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் அருகே லெக்ஃபெல்ட். ஜெர்மன் அரசர் முதலாம் ஓட்டோவின் கவசக் குதிரைப்படை ஹங்கேரிய வில்லாளிகளை முறியடிக்கிறது. நைட் என்ற வகையின் முன்னோடிகள் இவர்கள். வென்ற பக்கத்துத் தளபதிகளில் ஒருவர் சிவப்பு கொன்ராட். சண்டைச் சூட்டோடு வெயிலும் சேர்ந்து தாங்காமல் கவசத்தின் வாரைத் தளர்த்தி மூச்சு வாங்கினார். அந்த நொடியில் தொண்டையில் பாய்ந்தது ஓர் அம்பு. விடுகிண்ட் என்ற துறவி எழுதிவைத்த செய்தி இது.

மூன்று தலைவர்கள், மூன்று அம்புகள். ஒருவர் சின்னக் குதிரைமேல், ஒருவர் கவசத்துக்குள், ஒருவர் யானைமேல். ஏன் இப்படி ஆளுக்கொரு விதம்?

* * *

வாகனத்திலிருந்து தொடங்கலாம். சாமுராயின் குதிரை, படங்களில் பார்க்கிற குதிரை அல்ல. காமகுரா காலத்துப் புதைகுழிகளில் கிடைத்த எலும்புகள் தோள் உயரம் சுமார் 130 செ.மீ. என்று காட்டுகின்றன. ஐரோப்பியப் போர்க்குதிரையும் கதைகளில் வரும் ராட்சதக் குதிரை இல்லை. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குதிரை எலும்புகளை அளந்த அண்மை ஆய்வில் பெரும்பாலானவை 148 செ.மீ.க்கும் குறைவுதான். ஆனாலும் அந்தக் குதிரைகள் அந்த மண்ணிலேயே பிறந்து, அந்த மண்ணின் புல்லைத் தின்று வளர்ந்தவை. நைட்டும் சாமுராயும் உருவாக அதுதான் அடிப்படை.

தமிழ்நாட்டில் அந்த அடிப்படையே கிடையாது. குதிரை நமக்குக் கப்பலில் வந்த பொருள். மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கடற்கரைக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். நரி பரியான அற்புதத்தை நம்பாதவர்கள்கூட அரசாங்கப் பணத்தை மூட்டைகட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனதை நம்பலாம். சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பார்த்த மார்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரைக்குமேல் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். நல்ல ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் சேர்த்தாலும் கால் வளைந்த குட்டிதான் பிறக்கிறதாம். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுகிறார்கள் என்று வியக்கிறார். லாடம் கட்டத் தெரிந்தவர்களை அரபு வணிகர்கள் வேண்டுமென்றே இந்தப் பக்கம் விடுவதில்லை என்றும் ஒரு குற்றச்சாட்டு. வியாபாரம் படுத்துவிடுமே!

போலோ இதைத் தட்பவெப்பத்தின் தலையில் போட்டார். இன்றைய கால்நடை மருத்துவத்தை வைத்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது எலும்பு. குதிரையின் தீவனத்தில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். நெல் தவிட்டில் கணக்கு தலைகீழ். வெப்பமண்டலப் புற்கள் சிலவற்றில் உள்ள ஆக்சலேட் உப்பு மிச்சக் கால்சியத்தையும் குடலிலேயே கட்டிப்போடுகிறது. அப்போது குதிரையின் உடல் தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கால்சியம் தேடும். முகம் வீங்கும், கால் நொண்டும். போலோ பார்த்த வளைந்த கால்களுக்குப் பின்னால் இது இருந்திருக்கும் என்பது என் ஊகம். இரண்டாவது வியர்வை. குதிரை மனிதனைப் போலவே உடம்பெல்லாம் வியர்த்துத் தணிகிற விலங்கு. குளிர்நாட்டிலிருந்து புழுக்கமான ஊருக்கு வந்த குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் பந்தயக் குதிரை கொண்டுவந்தவர்கள் இந்த நோயோடு மல்லுக்கட்டினார்கள். மூன்றாவது ஈ. ஏரியும் வயலுமான நிலத்தில் குதிரை ஈக்கள் சர்ரா என்ற காய்ச்சலைப் பரப்பும். அதற்குக் காரணமான ஒட்டுண்ணியை 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்தார். ஏரிகள் நிறைந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் நெல்லுக்குச் சொர்க்கம்; குதிரைக்கு அப்படியல்ல.

எனவே சோழர் படையில் குதிரைச்சேவகர் இருந்தார்கள், ஆனால் இளவரசனின் இருக்கை யானைமேல்தான். மேற்கு மலைக் காட்டில் யானை உண்டு. வளர்க்கும் செலவைக் காடே ஏற்றுக்கொள்ளும். பிடித்துப் பழக்கினால் போதும். நான்கு டன் எடை, மூன்று மீட்டர் உயரம். அதன் குறைகளும் அதே அளவுக்குப் பெரியவை. யானைக்கு உடம்பில் வியர்வை கிடையாது. காது விசிறியும் குளித்தும்தான் சூடு தணிய வேண்டும். தாய்லாந்து யானைகளை ஓடவிட்டு அளந்த ஜான் ஹட்சின்சன் குழு 2003இல் கண்ட உச்சவேகம் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர். போர்க்குதிரை அதை எளிதில் முந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, யானைமேல் இருக்கிறவர் கொடியும் குடையுமாகப் படை முழுவதற்கும் தெரிவார். அதற்காகத்தான் அங்கே ஏறுகிறார். தெரிந்தால் எதிரி வில்லாளிக்கும் தெரியும்.

* * *

அம்பின் கணக்கு விசித்திரமானது. 60 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 75 ஜூல். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய கிரிக்கெட் பந்துக்கு 128 ஜூல். அதாவது பந்தைவிட அம்புக்கு ஆற்றல் குறைவு. ஆனால் பந்து தன் ஆற்றலை உள்ளங்கை அகலத்தில் பரப்புகிறது, அம்பு சில சதுர மில்லிமீட்டரில் இறக்குகிறது. நெஞ்சு எலும்புக்குத் தேவையானது அழுத்தம்தான்.

இதை மூன்று நாட்டாரும் அறிவார்கள். பயன்படுத்திய விதம்தான் வேறு. தொடக்க காலச் சாமுராய்க்கு வாள் இரண்டாம்பட்சம். அவர் குதிரையேறிய வில்லாளி. இரண்டு மீட்டருக்கும் நீளமான வில்லை நடுவில் பிடிக்காமல் கீழிருந்து மூன்றிலொரு பங்கில் பிடிப்பார். குதிரையின் கழுத்துக்கு இருபுறமும் வில்லை மாற்ற அது உதவும். இரண்டு கையும் வில்லுக்கே போய்விடுவதால் கேடயம் பிடிக்க வழியில்லை. எனவே தோளில் பெரிய பலகைகளைத் தொங்கவிட்டார்கள். நைட் நேர்மாறு. வில் அவருக்குக் கௌரவக் குறைவு. அங்கவடியில் காலூன்றி, ஈட்டியை அக்குளில் இடுக்கி, குதிரையின் எடையையே முனைக்குக் கொண்டுவருவது அவர் வித்தை. குதிரையும் ஆளும் 550 கிலோ, வேகம் நொடிக்கு 7 மீட்டர் என்றால் 13,000 ஜூலுக்குமேல் வருகிறது. முழுவதும் எதிரிமேல் இறங்காது. ஈட்டி முறியும், ஆள் பின்னால் சரிவார். சிறு பங்கு போனாலும் அம்பு பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் 955இல் இந்த வித்தை இன்னும் முற்றவில்லை. 1066 படையெடுப்பைச் சித்திரிக்கும் பேயோ தையல் ஓவியத்திலேயே சிலர் ஈட்டியை எறிகிறார்கள், சிலர் இடுக்குகிறார்கள்.

சோழர் படையில் வேலைகள் பிரிந்து கிடந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் படைப்பிரிவுப் பெயர்களைப் பாருங்கள்: தெரிந்த வில்லிகள், குதிரைச்சேவகர், ஆனையாட்கள், வேளைக்காரர். ஒரே ஆளிடம் குதிரை, கவசம், ஈட்டி, வாள் எல்லாவற்றையும் குவிக்கும் நைட் மாதிரிக்கு இங்கே தேவை எழவில்லை.

* * *

கவசத்துக்கு வருவோம். செங்கம் பகுதி நடுகற்களில் பல்லவர் காலத்து வீரர்கள் வில்லோ வாளோ ஏந்தி நிற்கிறார்கள். உடம்பில் அம்புகள் தைத்திருக்கும், மார்பில் ஒன்றும் இருக்காது. சிற்பி அழகுக்காகச் சட்டையைக் கழற்றியிருக்கலாம். அதையும் கணக்கில் வைக்க வேண்டும். கவசம் தெரியாத ஊருமல்ல இது. பதிற்றுப்பத்திலேயே மெய்ம்மறை வருகிறது. ஆனால் முழு உடலையும் மூடுகிற இரும்பு இங்கே வழக்கமாகவில்லை. காரணம் ஏழ்மையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரகாம் அஸ்கியூவும் கூட்டாளிகளும் 2011இல் ஒரு சோதனை செய்தார்கள். 15ஆம் நூற்றாண்டுக் கவசங்களின் நகல்களை, 30 முதல் 50 கிலோ எடை, ஆட்களுக்கு அணிவித்து ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் விட்டு மூச்சை அளந்தார்கள். நடக்க 2.1 முதல் 2.3 மடங்கு, ஓட 1.9 மடங்கு ஆற்றல் செலவானது. முதுகில் அதே எடையைச் சுமந்தால் ஆகும் செலவைவிட இது அதிகம், ஏனென்றால் காலில் கட்டிய இரும்பை ஒவ்வொரு எட்டிலும் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. மார்புத் தகடு ஆழ மூச்சுவிடவும் தடை.

இதை உத்திரமேரூருக்குக் கொண்டுவாருங்கள். சாதாரணமாக நடப்பவர் உடல் செலவிடுவது ஏறத்தாழ 300 வாட். கவசத்தோடு 650 முதல் 700 வாட். இதில் பெரும்பகுதி வெப்பம். 550 வாட் என்று வைப்போம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். எனவே மணிக்கு 0.8 லிட்டர் வியர்வை ஆவியானால் சமன். அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரி. தோலின் சூடு 35. காற்று தணிக்காது, இன்னும் சூட்டை ஏற்றும். தப்பிக்க ஒரே வழி ஆவியாதல். அதைத் தகடும் அதற்கடியில் அணியும் தடித்த பஞ்சுச் சட்டையும் அடைத்துவிட்டால்? 70 கிலோ உடலை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 245 கிலோஜூல் போதும். 550 வாட் அதை ஏழரை நிமிடத்தில் கொடுத்துவிடும். 37இலிருந்து 40 டிகிரிக்குப் போக 22 நிமிடம். அதற்குமேல் தலை சுற்றும், கை சொன்னபடி கேட்காது. நிஜத்தில் கொஞ்சம் வியர்வை தப்பிப்போகும், எனவே இது மிகக் கடுமையான கணக்கு. பாதி அடைத்தாலும் முக்கால் மணி நேரம்தான்.

நைட்டுகளே இதை அனுபவித்தார்கள். 1187 ஜூலை 4, கலிலேயாவில் ஹத்தீன். சிலுவைப்போர்ப் படை தண்ணீர் இல்லாத மேட்டில் ஒரு பகல் ஒரு இரவு சிக்கியது. எதிர்த்தரப்புச் சுல்தான் சலாஹுதீன் செய்த பெரிய வேலை அவர்களை ஏரிக்குப் போகவிடாமல் தடுத்ததுதான். கொன்ராடின் தொண்டை அம்பு அதற்கு 232 ஆண்டு முந்தைய முன்னறிவிப்பு. அதுவும் ஜெர்மனி வெயிலில்!

சாமுராய் கவசம் இடைவழி. சிறு சிறு தகடுகளைத் தோல்வாராலும் பட்டு நூலாலும் கோத்தது. இடுக்குகளில் காற்று புகும். எடையின் ஒரு பங்கு சேணத்தில் இறங்கும். மழையில் நனைந்தால் நூல் கனத்து நாறும் என்பது அதன் தனித் தொல்லை. தென்னிந்தியாவும் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தது. 1520 வாக்கில் விஜயநகரத்தைக் கண்ட தொமிங்கோ பயஸ், வீரர்களும் குதிரைகளும் பல மடிப்பாகத் தைத்த பஞ்சுக் கவசம் அணிந்திருந்ததை விவரிக்கிறார்.

இரும்பில் நாம் பின்தங்கியிருக்கவும் இல்லை. கொடுமணல், மேல்சிறுவளூர் போன்ற இடங்களில் உருக்குக் குகைகளின், அதாவது எஃகு உருக்கும் மண்கலங்களின், தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இரும்பை மண்குகையில் போட்டு, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து மூடி உருக்கினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டின் ஜே.எம். ஹீத் எழுதிவைத்திருக்கிறார். மூடிய குகைக்குள் இலைகளின் கரி இரும்பில் ஏறி 1 முதல் 1.6 சதவீதம் வரை கார்பன் உள்ள எஃகு ஆகிறது. மேற்காசிய வாள்களின் புகழ் இதில்தான் நின்றது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் தலையை உடைத்துக்கொண்டதும் இதன்மேல்தான். ஜப்பானியக் கொல்லர் மணலிலிருந்து எடுத்த சீரற்ற எஃகை மடித்து மடித்து அடித்தது வாளை மந்திர வாளாக்க அல்ல, அந்தச் சீரற்ற கார்பனைப் பரப்ப. குகையில் உருகிய எஃகுக்கு அந்தப் பாடு தேவையில்லை.

* * *

இருவரில் யார் என்ற கேள்விக்கு வரலாறு ஒரு பொதுவான தேர்வாளரை அனுப்பியது. மங்கோலியர். 1241 ஏப்ரலில் லெக்னிட்சாவில் போலந்து ஜெர்மானிய நைட்டுகளை முறியடித்து அவர்கள் தலைவர் இரண்டாம் ஹென்றியைக் கொன்றார்கள். 1274, 1281 ஆகிய இரு முறை ஜப்பானில் இறங்கினார்கள். பெயர் சொல்லி அறைகூவித் தனித்தனியே மோதப் பழகிய சாமுராய்கள் முதல்முறை திணறினார்கள். இரண்டாம் முறைக்குள் ஹகாடா விரிகுடாவில் கல்மதில் கட்டிக் காத்திருந்தார்கள், மீதியைப் புயல் முடித்தது. இதிலிருந்து சாமுராய் உயர்ந்தவர் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: கடலையும் மதிலையும் கணக்கில் சேருங்கள்.

எனக்கு இதில் சுவையான ஆள் தகெசாகி சுவெநாகா. 1274இல் போரிட்ட சாதாரண சாமுராய். தன் வீரத்துக்குப் பரிசு வரவில்லை என்று ஆட்சித் தலைமையிடமான காமகுராவுக்கே போய் முறையிட்டு நிலம் வாங்கினார். தான் போரிட்டதைப் படச்சுருளாகவும் வரையவைத்தார். மற்றவர்களுக்கு அந்த யோகம் இல்லை. தற்காப்புப் போரில் எதிரியின் நிலம் கிடைக்காது. கிடைக்காத நிலத்தைப் பங்குபோட முடியாது. அந்தக் கசப்பும் சேர்ந்து 1333இல் காமகுரா ஆட்சி கவிழ்ந்தது.

நைட்டுக்கும் கூலி நிலம்தான். தக்கோலத்தில் வென்றவர்களுக்கும் அதேதான். பூதுகனுக்கு வனவாசி முதலான நாடுகளைக் கிருஷ்ணன் கொடுத்தான். பூதுகன் தன் வீரன் மணலேரனுக்கு ஊர்களை வாள் கழுவும் மானியமாகக் கொடுத்தான். அதே மணலேரன் கிருஷ்ணனிடம் கேட்டு வாங்கியது காளி என்ற நாயை. அது காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் நாயும் செத்தன. அதற்கு நட்ட கல்தான் ஆதகூர் நடுகல். சோழ இளவரசனின் சாவுக்கு நம்மிடமுள்ள முக்கியச் சான்றுகளில் ஒன்று நாய்க்கு எடுத்த கல் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் முகம் மாறாமல் எழுதுகிறார்கள்.

தோற்ற பக்கத்துப் படைக்கும் வேறு முகங்கள் உண்டு. சோழர் கல்வெட்டுகளின் கைக்கோளப் பெரும்படையின் பெயரையே தாங்கிய சமூகம் பின்னாளில் காஞ்சிபுரத்தைச் சுற்றித் தறியோடு இருக்கிறது. வீராணம் ஏரியை வெட்டியது இராசாதித்தனின் படை என்பது மக்கள் வழக்கு. 1588இல் ஜப்பானில் ஆட்சியாளர் ஹிதேயோஷி உழவரிடமிருந்த வாளையெல்லாம் பிடுங்கி வீரனையும் உழவனையும் பிரித்தது போன்ற கோடு இங்கே இவ்வளவு அழுத்தமாக விழவில்லை.

தலைவன் செத்தபின் உயிரோடிருப்பது இங்கும் ஜப்பானிலும் சிக்கலான காரியம். வேளைக்காரர் அரசனோடு சாகச் சபதமெடுத்தவர்கள். ஜப்பானில் அந்த வழக்கத்தை 1663இல் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்தது. போர் முடிந்து துறவு போனவர்களும் உண்டு. 1184இல் இச்சி-நோ-தானிப் போரில் சிறுவனான அத்சுமோரியைக் கொன்ற குமகாய் நவோசானே மனம் கசந்து துறவியானார் என்று ஜப்பானியர் நாடகமே ஆடுவார்கள். காமகுரா அரசின் குறிப்பேடோ அவர் ஒரு நில வழக்கில் தோற்ற ஆத்திரத்தில் முடியை அறுத்தார் என்கிறது.

இராசாதித்தனுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். கேரளத்திலிருந்து வந்த தளபதி வெள்ளன் குமரன். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் கற்கோயில் எடுத்தவர். தக்கோலத்தன்று அவர் தலைவன் அருகில் இல்லை. கூடச் சாகவில்லையே என்ற வெட்கத்தில் துறவு பூண்டு திருவொற்றியூர் மடத்தில் சேர்ந்த சதுரானன பண்டிதர் இவரே என்று கல்வெட்டு அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். திருவொற்றியூர்க் கோயில் பூசைக்கு அவர் பொன் கொடுத்தார். அந்தக் கொடையைப் பதிந்த கல்வெட்டில் இட்டிருப்பது கன்னரதேவனின் ஆட்சியாண்டு.